கேஷியரின் தோலும் அத்தையின் கிரீமும்

எங்கள் அத்தையிடம் போய் முகத்தில் பரு வந்திருக்கிறது என்று சொன்னால் ஆறுதல் கிடைக்காது, விசாரணைதான் கிடைக்கும். தண்ணீர் குடித்தாயா, ஒழுங்காகத் தூங்கினாயா, தலையணை உறையை எப்போது துவைத்தாய், கையை வைத்துக் கிள்ளினாயா என்று கேட்டுக்கொண்டே போய், கிள்ளினேன் என்று ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் நாற்காலியைச் சாய்ப்பாள். தோல் தானாகக் கெடாது, யாரோ கெடுக்கிறார்கள் என்பது அவள் கட்சி. "தோல் வாயில்லாப் பூச்சிடி. நாமதான் அதைப் படுத்துறோம்" என்பாள். பியூட்டி பார்லர் நடத்துகிற வேறு யாராவது வாடிக்கையாளரை இப்படித் திட்டினால் கடையை மூட வேண்டியதுதான். அத்தையிடம் திட்டு வாங்குவதற்கென்றே ஆள் வந்தார்கள்.

பார்லர் கீழே, வீடு மேலே. நான் அவளுடைய அண்ணன் மகள். வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு கீழே ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமாவும் உண்டு. பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுகொண்டு, அன்றிலிருந்து நிம்மதியாக இருக்கிறவர்.

அத்தையின் பெருமை என்றால் அவளுடைய கிரீம்தான். கடையில் வாங்கியதில்லை, அவளே கலக்கியது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கலக்குவாள். உள்ளே என்ன போகிறது என்பது யாருக்கும் தெரியாது. வெயிலில் கறுத்த முகம், வெடித்த குதிகால், சூடு பட்ட விரல், பூச்சிக்கடி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஜாடிதான். எனக்கு வந்த ஒரு வரன் தட்டிப்போய் நான் மூலையில் உட்கார்ந்து அழுதபோதுகூட, "இந்தா, கண்ணுக்குக் கீழ தடவு" என்று ஜாடியைத்தான் நீட்டினாள். மாமாவின் வழுக்கை மட்டும் அதற்கு மசியவில்லை. அதற்கும் மாமாதான் காரணமாம், உள்ளுக்குள் கவலைப்படுகிறாராம்.

பார்லர் வாசலில், மடித்துப் போட்ட துண்டின் மேல் உட்கார்ந்து வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கிற வேலை எங்கள் பெண் நாய்க்கு. அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வந்தது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த, வேட்டைக்கென்றே வளர்க்கிற இனம். எங்களிடம் வந்து அது வேட்டையாடியதெல்லாம் தரையில் விழுந்த முடிக்கற்றைகளைத்தான். ஆனால் மேனி என்றால் அப்படி ஒரு மேனி, எண்ணெய் தேய்த்துத் துடைத்த மரச்சாமான் மாதிரி மின்னும். "இவளைப் பாருங்க. பவுடர் உண்டா, ப்ளீச் உண்டா? தோல்னா இப்படி இருக்கணும்" என்று அத்தை வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். நாயோடு ஒப்பிட்டுத் திட்டு வாங்கியும் அவர்கள் மறுபடி வந்தார்கள்.

எங்களுக்கு மூன்று கட்டடம் தள்ளிப் பல் டாக்டர். அவரிடம் அதே இனத்தில் ஓர் ஆண் நாய், பெயர் துரை. பேச்சு வார்த்தை நடந்து, மேனேஜரை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். குட்டிகள் பிறந்ததும் இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். வேடிக்கைக்காகத்தான் ஆரம்பித்தது. ஆனால் எங்கள் குடும்பத்தில் நிஜச் சம்பந்திகளுக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. அத்தையின் பற்களை அவர் சுத்தம் செய்வார், அவர் மனைவியின் தலைமுடியை இவள் வெட்டிவிடுவாள். அடுத்த பிரசவத்துக்கும் இதே இடம்தான் என்று இரண்டு பக்கமும் பேசி வைத்திருந்தார்கள்.

குட்டிகள் ஆளுக்கொரு வீடாகப் போய்ச் சேர, ஒன்று மட்டும் எங்களிடம் தங்கியது. பணப்பெட்டி இருக்கிற மேஜைக்கு அடியில்தான் தூங்குவேன் என்று அது அடம்பிடித்ததால் கேஷியர் ஆனது. அத்தைக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. கேஷியர் வந்த பிறகு அவள் காலை எழுந்ததும் முதலில் போவது மேஜைக்கு அடியில்தான்.

கேஷியர் வளர்ந்து காலைத் தூக்கக் கற்றுக்கொண்ட சமயத்தில் மூக்கின் மேல் தோல் உரிய ஆரம்பித்தது. முதலில் பொடுகு மாதிரி. பிறகு காது, முதுகு என்று பரவி, செதில் செதிலாக உதிர்ந்தது. துண்டை உதறினால் பறந்தது. அத்தை வழக்கம்போல விசாரணையைத் தொடங்கினாள். சாப்பாட்டை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், தரை துடைக்கிற திரவத்தை மாற்றினாள், மாமா பிஸ்கட் கொடுக்கிறார் என்று மாமாவை மாற்ற முடியாததால் பிஸ்கட்டை நிறுத்தினாள். காலையும் மாலையும் மடியில் போட்டுக்கொண்டு கிரீமைத் தடவினாள். தடவத் தடவ அது பரவிக்கொண்டே போனது.

பல் டாக்டர் ஒரு நாள் வந்து பார்த்தார். ஜாடியை எடுத்து முகர்ந்தார். "சம்பந்தியம்மா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

"இந்த கிரீமைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன். பார்லர்ல டை, ஸ்ப்ரே, ஆவின்னு வேற என்னென்னமோ இருக்கு. குட்டித் தோலு, தாங்குமா?"

"என் கிரீமையா சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை. பாருங்கன்னு சொல்றேன்."

"எங்க மேனேஜர் இதே பார்லர்லதான் வளர்ந்தா. அவ மேல ஒரு புள்ளி காட்டுங்க பார்ப்போம். குட்டி பாதி உங்க பக்கம்தானே? உங்க துரை வம்சத்துல என்னென்ன இருந்துச்சோ, யார் கண்டா?"

"எங்க துரை மேல மட்டும் பழி போடாதீங்க. அவன் சுத்தமான பையன்."

அன்றோடு உபசாரம் முடிந்தது. அவர் மனைவி முடி வெட்ட வேறு இடம் பார்த்தார். அத்தை ஒரு பல் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

வெளியே அப்படிச் சத்தம் போட்டாளே தவிர, அந்தப் பேச்சு அவளைக் குத்திவிட்டது. மறுநாள் ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. யார் கேட்டாலும் தீர்ந்துவிட்டது என்றாள். கேஷியரை மடியில் போடுவதை நிறுத்தினாள். அது வந்து காலில் உரசினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு மதியம் ஆளில்லாத நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, அந்த கிரீம் போட்டப்ப உனக்கு எப்பவாவது எரிஞ்சுதா? எனக்காகச் சொல்லாத. உண்மையைச் சொல்லு."

"இல்ல அத்தை."

"அரிப்பு?"

"இல்ல அத்தை. நீங்களா போட்டுக் குழப்பிக்காதீங்க."

"தினமும் ரெண்டு வேளை போட்டேன். நானே என் கையால" என்றாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவள் தானே ஏறி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கால்நடை டாக்டர் ஓர் இளவயதுப் பெண். பூஞ்சைக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார், ஒவ்வாமைக்குக் கொடுத்துப் பார்த்தார். கேஷியர் நொண்டவும் காய்ச்சலில் சுருண்டு படுக்கவும் ஆரம்பித்ததும் தோலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்தார். உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தியே திரும்பிக்கொண்டு சொந்தத் தோலை அடிக்கிற ஒரு நோய் உண்டு, இந்த இனத்தில் சில நாய்களுக்குப் பரம்பரையாக வரும், அதுவாக இருக்குமோ என்று சந்தேகம், மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடும், அம்மா அப்பாவுக்கும் சேர்த்துச் செய்தால் நல்லது என்றார். பரம்பரை என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை நிமிர்ந்தாள்.

"அப்ப அப்பன் வீட்டுல இருந்து வந்திருக்கலாம்?"

"வரலாம். அதைத்தான் பார்க்கப்போறோம்."

துரை மேல் குற்றம் நிரூபணமானால் கிரீம் தப்பித்தது. கிரீம் தப்பித்தால் அவள் கை தப்பித்தது. அதற்குமேல் அவள் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. பல் டாக்டரும் உடனே சம்மதித்தார், துரையின் நல்ல பெயரை ஊர் அறிய வேண்டும் அல்லவா?

சோதனை சுலபமானதுதான். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து, காயவைத்து, உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் நாய் எதையும் தின்னக் கூடாது, ஒன்றையொன்று நக்கக் கூடாது, பஞ்சு வேறு எதிலும் படக் கூடாது. வீட்டிலேயே எடுக்கலாம் என்று டாக்டர் குச்சிகளைக் கொடுத்தனுப்பினார். ஆனால் யார் எடுப்பது? "வாய்னா என் தொழில், என்கிட்ட விடுங்க" என்றார் பல் டாக்டர். மேனேஜரின் வாயில் அவர் கை படக் கூடாது என்றாள் அத்தை. கடைசியில், அவரவர் நாய்க்கு அவரவர் எடுப்பது, எதிர்க்கட்சி பக்கத்தில் நின்று கண்காணிப்பது என்று பார்லரிலேயே ஏற்பாடானது.

துரை முதலில். பல் டாக்டர் தன் தொழில் குரலில், "ஆ காட்டு ராஜா, வலிக்கவே வலிக்காது" என்றார். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த துரை வாயை இறுக்கிக்கொண்டு முடி உலர்த்துகிற மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவழியாக எடுத்தார்கள். அடுத்து மேனேஜர், கேஷியர். மாமா இடுப்பைப் பிடிக்க, அத்தை இரண்டு கையாலும் தாடையைப் பிரித்து, பிரித்த இடத்தில் குச்சியை விட்டுத் தேய்த்தாள். பல் டாக்டர் அவள் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் கச்சிதமாக முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

சோதனைக்கூடத்தின் முடிவைக் கால்நடை டாக்டர் என் ஃபோனுக்கு அனுப்பினார். துரையிடம் பழுதான மரபணு ஒன்று இருக்கிறது என்று முதலில் இருந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்ததுதான் தாமதம், அத்தை நீராவி மிஷினில் முகத்தை வைத்திருந்த பெண்மணியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"எங்க மேனேஜருக்கு?"

"ஒண்ணும் கிடைக்கலைன்னு போட்டிருக்கு அத்தை."

"கேஷியருக்கு?"

"அதுலயும் ஒண்ணும் கிடைக்கலையாம். இருங்க, கீழ இன்னும் என்னமோ..."

கீழே இருந்ததைக் கேட்க அவள் இல்லை. தெருவில் இறங்கிவிட்டாள். பல் டாக்டரின் வாசலில், உள்ளே வாய் திறந்து படுத்திருந்த நோயாளிக்கும் கேட்கிற மாதிரி, "சம்பந்தி! எங்க பக்கம் சுத்தம்! ஒண்ணுமே கிடைக்கலையாம்!" என்று அறிவித்தாள். திரும்பி வந்து ஜாடியைக் கீழே இறக்கினாள். அன்று வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலேயே கிரீம் பூசப்பட்டது. கேஷியர் நெடுநாளைக்குப் பிறகு மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

மீதியை நான் படித்துவிட்டு மாமாவிடம் காட்டினேன். மாமா எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அத்தை, நோய் கிடைக்கலைன்னு போடலை. நாயே கிடைக்கலையாம்."

"என்னடி உளர்றே?"

"ரெண்டு குச்சியிலயும் மனுஷ எச்சில்தான் இருந்துச்சாம். சோதனை பண்ண முடியலையாம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் கண்முன் வந்தது. அத்தைக்குத் தொழில் நடப்பதே பாதி பல்லில்தான். புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனை பல்லில். கொண்டை போடும்போது கொண்டை ஊசி அத்தனையும் பல்லில். தாடையைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், குச்சியைத் தன்னை அறியாமல் வாயில் கவ்விக்கொண்டிருக்கிறாள், அதுவும் பஞ்சு உள்ளே போகிற மாதிரி! நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவள் வாயில் எதுவும் இல்லாமல் இருந்திருந்தால்தான் எங்களுக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்கும். பல் டாக்டரோ வாயைப் பார்த்தே வயிறு வளர்க்கிறவர், அன்றைக்கு மட்டும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு விஷயம் எட்டியதும் உடனே வந்தார். "நாயைத் தேடியிருக்காங்க, நீங்க அகப்பட்டிருக்கீங்க. உங்களுக்கு அந்த நோய் இருக்கா இல்லையான்னும் கேட்டுடலாமே சம்பந்தியம்மா" என்றார். அத்தை திட்டாமல் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். திட்டு விழாததில் அவரே பயந்துபோய்விட்டார்.

மறுபடி எடுக்கக் கால்நடை டாக்டரிடமே போனோம். குச்சியை அவரே பிடித்தார், அத்தையைச் சுவரோரமாக நிற்கச் சொன்னார். எடுத்து முடித்ததும் அத்தை கேட்டாள்.

"துரைக்கு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே டாக்டர். அது போதாதா?"

"போதாதும்மா. குட்டிக்கு அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ஜோடியா வரும். ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு வேலையைப் பார்த்துக்கும். அதனாலதான் துரை நல்லா இருக்கு. ரெண்டு பக்கமும் பழுது வந்து சேர்ந்தாதான் இந்த நோய்."

"அப்ப எங்க மேனேஜர் சுத்தமா இருந்தா?"

"அப்ப இது அந்த நோய் இல்லை. வேற ஏதோ காரணம். வெளிக் காரணமாக்கூட இருக்கலாம். திரும்ப முதல்ல இருந்து தேடணும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தை அதை மென்றுகொண்டே வந்தாள். மேனேஜர் சுத்தம் என்றால் துரையும் விடுதலை, அப்புறம் மிச்சமிருப்பது ஜாடிதான். ஜாடி தப்ப வேண்டுமென்றால் மேனேஜரிடம் பழுது இருந்தாக வேண்டும். ஊரையெல்லாம் கூட்டி வைத்து எந்த மேனியைக் காட்டிப் பெருமை அடித்தாளோ, அந்த மேனிக்குள் ஒரு குறை இருக்கட்டும் என்று அவளே வேண்டிக்கொள்ள வேண்டிய நிலைமை. காத்திருந்த நாட்களில் அவள் மேனேஜரை நேருக்கு நேர் பார்க்கவில்லை. சாப்பாட்டை மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக வைத்தாள். ஜாடி மறுபடி மேல்தட்டுக்குப் போனது, கேஷியர் மறுபடி தரைக்குப் போனது. அது மேஜைக்கு அடியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். எனக்கு அத்தை மேல் கோபம் வந்தது, இரண்டு பேரையும் பார்த்து அழுகையும் வந்தது.

முடிவு வந்திருக்கிறது, நேரில் வாருங்கள் என்று கால்நடை டாக்டர் கூப்பிட்டார். பல் டாக்டரும் வந்தார். நாய்களும் நாங்களுமாக அந்தச் சின்ன அறையில் முட்டிக்கொண்டு நின்றோம்.

"மேனேஜர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுது வந்து கேஷியர்கிட்ட சேர்ந்திருக்கு. நாங்க சந்தேகப்பட்ட நோய்தான்" என்றார் டாக்டர்.

பல் டாக்டர், "அப்ப ஆளுக்குச் சரிபாதி" என்றார். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. துரையின் காதை நீவிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இதை முழுக்கக் குணப்படுத்த மருந்து இல்லை, அடக்கி வைக்கப் பார்க்கலாம், வெயிலில் விடக் கூடாது, நன்றாக இருக்கிற நாட்களும் வரும், மோசமான நாட்களும் வரும், மோசம் அதிகமானால் அப்போது பேசலாம் என்றார். மேனேஜரையும் துரையையும் இனிச் சேர்க்கக் கூடாது, மற்ற குட்டிகள் இருக்கிற வீடுகளுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றார்.

"நான் சொல்றேன். மாப்பிள்ளை வீடு நாங்க" என்றார் பல் டாக்டர்.

"சேர்ந்தே போய்ச் சொல்லலாம் சம்பந்தி" என்றாள் அத்தை. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து மரியாதையாகக் கேட்டு நாளாகிவிட்டது. பிறகு அவள் டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"நான் அதுக்குத் தினமும் ஒரு கிரீம் போட்டேன் டாக்டர். நானே கலக்கினது. ரெண்டு வேளையும் போட்டேன். அதனால..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை.

"கிரீமா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா. பொறக்கும்போதே இது அதோட உடம்புக்குள்ள இருந்துச்சு. உங்க கிரீம் அதுக்குக் கெட்டதும் பண்ணலை, நல்லதும் பண்ணலை. போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான்."

கிரீம் போட்டும் வித்தியாசம் தெரியவில்லையே என்று சொன்ன ஒரு கல்யாணப் பெண்ணை, ஒரு புருவம் திருத்தியும் ஒரு புருவம் திருத்தாமலும் வெளியே அனுப்பியவள் எங்கள் அத்தை. மாமா கதவை நோக்கி நகர்ந்தார். பல் டாக்டர் தரையைப் பார்த்தார்.

அத்தை குனிந்து கேஷியரை வாரி எடுத்து, அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். உரிந்த மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணீர் அதன் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றாள்.